ஜாகான்: பாகப்பிரிவினையில் பிறந்து, கைமாறிக் கைமாறி வாழ்ந்த ஒரு சிற்றரசு

போலந்தின் மேற்கு ஓரத்தில், ஜெர்மனி எல்லைக்குப் பக்கத்தில், பூப்ர் என்ற ஆற்றின் கரையில் ஜாகான் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் இதைச் சாகான் என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் கதைகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அந்தப் பெயர் சட்டென்று பிடிபடும், அதற்குக் கடைசியில் வருகிறேன். இப்போதைக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த ஊரும் சுற்றியுள்ள காடுகளும் சில கிராமங்களும் சேர்ந்து ஒரு காலத்தில் தனி அரசாக இருந்தன. அதற்கென்று ஒரு கோமகன், ஒரு கோட்டை, ஒரு மடாலயம் எல்லாம் இருந்தன. 200 ஆண்டுக்கு மேல் போலந்தின் பழைய அரச குடும்பமான பியாஸ்ட் வம்சத்தின் ஒரு கிளை அங்கே ஆண்டது.

முதல்முறை இந்த வரலாற்றைப் படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் மோசம், பத்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு அரசனுக்கு மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று பேருக்கும் ஹென்ரிக் என்றே பெயர் வைத்திருப்பார்கள் (நிஜமாகத்தான்). நானும் கொஞ்ச காலம் இதை ஒரு நாட்டின் கதையாகப் படிக்கப் பார்த்துத் தோற்றேன். அப்புறம்தான் உறைத்தது, இதைச் சொத்துத் தகராறாகப் படிக்க வேண்டும். பங்காளிகள், பாகம், அடமானம், விதவையின் பங்கு, கிரயம் என்று நமக்கு நன்றாகத் தெரிந்த சொற்களை வைத்துப் பார்த்தால் ஜாகானின் வரலாறு முழுக்க நேராகிவிடும்.

எல்லாம் தொடங்கியது 1138இல். அந்த ஆண்டு இறந்துபோன போலந்து அரசர் மூன்றாம் போலெஸ்வாவ், தன் காலத்துக்குப் பிறகு மகன்கள் அடித்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்து நாட்டைப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதி வைத்தார். மூத்தவனுக்குக் கிராக்கோவும் மற்றவர்கள் மேல் ஒரு மேலதிகாரமும் உண்டு, மற்றவர்கள் ஆளுக்கொரு பகுதியை வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. மூத்தவர் இரண்டாம் வ்வாதிஸ்வாவ் மொத்தத்தையும் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தார், தம்பிகள் ஒன்று சேர்ந்து 1146இல் அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். அவர் ஜெர்மனிக்கு ஓடிப்போய் அங்கேயே கண்ணை மூடினார். அவருடைய மகன்கள் 1163இல் ஜெர்மன் பேரரசர் பார்பரோசாவின் ஆதரவோடு திரும்பி வந்து, ஜாகான் இருக்கும் தென்மேற்குப் பகுதியான சைலீசியாவை மட்டும் பெற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். சைலீசியப் பியாஸ்டுகள் ரத்தத்தால் போலந்து அரச குடும்பத்தில் மூத்த கிளை. ஆனால் அகதிகளாக வளர்ந்ததும், திரும்பி வந்ததும், பெண் எடுத்ததும் கொடுத்ததும் பெரும்பாலும் ஜெர்மன் பக்கம். பின்னால் இவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போலந்தைவிட்டு விலகிப் போனதற்கு இங்கேயே விதை விழுந்துவிட்டது.

சைலீசியா மட்டுமாவது ஒன்றாக இருந்ததா என்றால், கொஞ்ச காலம் இருந்தது. அந்த வீட்டில் வந்த தாடிக்கார ஹென்ரிக்கும் அவர் மகன் பக்திமான் ஹென்ரிக்கும் கிராக்கோவையும் சேர்த்து ஆண்டார்கள், போலந்தையே மறுபடி ஒட்டவைத்துவிடுவார்கள் போல இருந்தது. 1241 ஏப்ரல் 9 அன்று லெக்னிட்சா போர்க்களத்தில் மங்கோலியர்கள் பக்திமான் ஹென்ரிக்கின் தலையை எடுத்தார்கள். தலையில்லாத உடலை அவர் மனைவி இடது காலில் இருந்த ஆறு விரலை வைத்து அடையாளம் கண்டார் என்று ஒரு கதை உண்டு. தலை போனதோடு ஒற்றுமையும் போனது. இருந்த மகன்கள் சைலீசியாவைக் கூறு போட்டார்கள்.

அதில் ஒரு மகன் கொன்ராட். இவரை முதலில் மதகுருவாக்கத்தான் அனுப்பியிருந்தார்கள். ஜெர்மனியில் பாஸாவ் நகரத்து ஆயராகத் தேர்வும் ஆகிவிட்டார். ஆனால் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அங்கியைக் கழற்றிவிட்டு வந்து என் பங்கு எங்கே என்று கேட்டார். சண்டை போட்டு 1251 வாக்கில் ஓடர் ஆற்றங்கரையில் இருக்கும் குவோகூஃப் நகரத்தையும் அதைச் சுற்றிய பகுதியையும் வாங்கிக்கொண்டார். ஜாகான் அப்போது இதில் ஒரு மூலை. ஜெர்மன் நகரங்களிலிருந்து போலந்துக்குள் போகும் வணிகப் பாதையில் ஒரு கோட்டையும் சின்ன நகரமும், அவ்வளவுதான்.

கொன்ராட் 1270களின் முற்பகுதியில் இறந்தார். அவருக்கு மூன்று மகன்கள், ஆகவே மூன்று பங்கு. மூத்தவன் ஹென்ரிக்குக்குக் குவோகூஃப், கொன்ராட் என்ற இரண்டாமவனுக்கு ஷ்சினாவா என்ற ஊர், கடைக்குட்டி ப்ஷெம்கோவுக்கு ஜாகான். ஜாகான் தனி அரசாக வரலாற்றில் தலைகாட்டுவது இப்படித்தான். மக்கள் கேட்டோ, தனி மொழியோ தனி இனமோ இருந்தோ அது உருவாகவில்லை. வீட்டில் மூன்றாவதாக ஒரு பையன் பிறந்தான், அதனால் ஒரு நாடு பிறந்தது. 1284இல் ப்ஷெம்கோவும் கொன்ராடும் ஊர்களை மாற்றிக்கொண்டார்கள், உனக்கு ஷ்சினாவா எனக்கு ஜாகான் என்று, மனையை மாற்றிக்கொள்வதுபோல. போவதற்கு முன் ப்ஷெம்கோ ஒரு காரியம் செய்துவிட்டுப் போனார். பக்கத்தில் வேறு ஊரில் இருந்த அகஸ்தீனிய மடத்தை ஜாகானுக்குள் கொண்டுவந்து வைத்தார். கோமகன்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள், அந்த மடம் 1810 வரை அங்கேயே இருந்தது. ப்ஷெம்கோ ஐந்தே ஆண்டில், 1289இல், சியேவியெஷ் போரில் செத்துப்போனார்.

ஜாகானுக்கு வந்த கொன்ராடைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம். இவருக்குக் கூன் விழுந்திருந்ததால் கூனன் கொன்ராட் என்றுதான் வரலாற்றில் பெயர். அப்பாவைப்போலவே இவரும் திருச்சபைக்காரர், இத்தாலியில் போலோனாவில் படித்தவர், வ்ரோத்ஸ்வாஃப் பேராலயத்தில் பெரிய பதவியில் இருந்தவர். 1299இல் இவருக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் அடித்தது. இத்தாலியின் வடகிழக்கில் இருக்கும் அக்விலெயாவின் பேராயர் பதவி, அதுவும் சாதாரணப் பேராயர் இல்லை, பேட்ரியார்க் என்ற தகுதி, கூடவே ஆள்வதற்குப் பெரிய நிலப்பரப்பு. ஜாகானை ஒப்பிட்டால் அது சமுத்திரம். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார். வியன்னா வரை போனார், அங்கே யாரோ சொன்னார்களாம், நீங்கள் போகிற நாட்டில் பீர் கிடையாது, எல்லோரும் திராட்சை மதுதான் குடிப்பார்கள் என்று. கேட்டதும் குதிரையைத் திருப்பிவிட்டார்.

இது அந்தக் காலத்தில் வரலாற்றுக் குறிப்பு எழுதியவர்கள் சொன்ன கதை, அப்படியே நம்ப வேண்டியதில்லை. பதவிக்குப் பேரம் படியவில்லை, ரோமில் ஆதரவு இல்லை என்று வேறு காரணங்கள் இருந்திருக்கலாம், அவருக்கும் அண்ணனுக்கும் நடுவே தகராறும் இருந்தது. ஆனால் இந்தக் கதை ஏன் ஒட்டிக்கொண்டது என்று பார்த்தால் புரிகிறது. சைலீசியாவில் பீர் என்பது வெறும் குடி கிடையாது, காய்ச்சும் உரிமையும் விற்கும் உரிமையும் நகரங்களுக்குப் பெரிய வருமானம், அதற்காகப் பக்கத்து ஊரோடு வழக்குப் போடுவார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் தங்கள் கோமகனைப் பற்றி இப்படி ஒரு கதை சொன்னதில் கேலியும் உண்டு, கொஞ்சம் பெருமையும் உண்டு. கொன்ராட் 1304இல் பிள்ளை இல்லாமல் இறந்தார், ஜாகான் அண்ணன் கைக்குப் போனது.

அந்த அண்ணன், குவோகூஃப் ஹென்ரிக், பெரிய ஆசைக்காரர். மேற்குப் போலந்தின் பெரும்பகுதியை 1306இல் பிடித்து, தன்னைப் போலந்து அரசின் வாரிசு என்றே பட்டம் போட்டுக்கொண்டார். இன்னும் பத்து ஆண்டு இருந்திருந்தால் போலந்தின் மகுடம் இந்தக் கிளைக்கு வந்திருக்குமோ என்னவோ. 1309இல் ஐந்து மகன்களை விட்டுவிட்டு இறந்தார். ஐந்து மகன்கள் என்றால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். 1312இல் தொடங்கிய பிரிப்பு அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் சின்னச் சின்னத் துண்டுகளாக முடிந்தது. இவர்கள் பாகம் பிரித்துக்கொண்டிருந்தபோதே மேற்குப் போலந்து கையைவிட்டுப் போய்விட்டது.

ஏன் மூத்தவனுக்கே முழுவதையும் கொடுக்கும் வழக்கம் வரவில்லை என்று கேட்கலாம். அந்தக் காலத்து மனதில் அரசு என்பது பதவியாக இல்லை, அப்பன் சொத்தாக இருந்தது. சொத்தென்றால் எல்லா மகனுக்கும் உரிமை உண்டு, அதை மறுப்பது அநியாயம். இன்னொரு பக்கம், கணவன் இறந்தால் மனைவி பிழைப்பதற்கு என்று கல்யாணத்தின்போதே ஒன்றிரண்டு ஊர்களை எழுதி வைப்பார்கள், அவள் சாகும்வரை அந்த ஊர்களின் வருமானம் அவளுக்கு. மகளுக்கு வரதட்சணை ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், ரொக்கம் இல்லை என்றால் ஊரை அடமானம் வைக்க வேண்டும். ஒரு தலைமுறை தாண்டுவதற்குள் அரசு பாதியாகும், கடன் இரட்டிப்பாகும். ஒரு கட்டத்தில் கோமகன் என்ற பட்டத்தைத் தவிரப் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

இப்படிச் சிறுத்துப்போனவர்கள் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆளிடம் போய் நிற்பதில் ஆச்சரியம் இல்லை. அப்போது பெரிய ஆள் போஹேமியாவின், அதாவது இன்றைய செக் நாட்டின் அரசர், லக்ஸம்பர்க் யான். 1327இலிருந்து சைலீசியக் கோமகன்கள் ஒவ்வொருவராக அவரிடம் போய் மண்டியிட்டு, நிலத்தைக் கொடுப்பதுபோலக் கொடுத்து அவரிடமே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஜாகானின் நாலாம் ஹென்ரிக்கும் 1329இல் அப்படிச் செய்தார். 1335இல் போலந்து அரசர் மூன்றாம் காசிமிர், சைலீசியா மேல் உள்ள உரிமையை விட்டுத்தருவதாகவும் பதிலுக்குப் போஹேமிய அரசர் போலந்து மகுடத்தின் மேல் உள்ள உரிமையை விடுவதாகவும் பேசி முடித்தார், பணமும் கைமாறியது. காகிதப்படி ஜாகான் போலந்தைவிட்டுப் போனது அப்போதுதான்.

நாலாம் ஹென்ரிக்கின் மகன் ஐந்தாம் ஹென்ரிக்குக்கு இரும்பு ஹென்ரிக் என்று பெயர், பெயருக்கு ஏற்ற முரட்டு ஆள். மண்டியிட மாட்டேன் என்று கொஞ்ச காலம் முறுக்கிக்கொண்டு நின்றார். 1343இல் போலந்தின் காசிமிர் படையெடுத்து வந்து ஃப்ஸ்ஹோவா என்ற நகரத்தை இவரிடமிருந்து பறித்துக்கொண்டார். இழந்தவர் அப்புறம் போஹேமியா பக்கமே சாய்ந்தார். கதை இதோடு முடியவில்லை. 22 ஆண்டு கழித்து, 1365இல், அதே ஃப்ஸ்ஹோவாவில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஐம்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்த அதே காசிமிர், பெண் இரும்பு ஹென்ரிக்கின் மகள் யாத்விகா. பிடுங்கிய ஊரிலேயே பெண் எடுத்தார்.

அந்தக் கல்யாணத்தில் ஒரு சின்ன சிக்கல். காசிமிருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உயிரோடு இருந்தார், ஹெஸ்ஸே நாட்டு ஆதெல்ஹெய்ட். அந்த மணம் முறிக்கப்படவில்லை. நடுவில் பிராகிலிருந்து ஒரு விதவையையும் கட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவும் எதற்கென்றால் ஆண் வாரிசுக்காக. யாத்விகாவுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன, மூன்றும் பெண். 1370இல் காசிமிர் இறந்ததும் போலந்தை ஆண்ட பியாஸ்ட் அரச வரிசை முடிந்துபோனது, மகுடம் ஹங்கேரி அரசருக்குப் போனது. ஒரு மகன் மட்டும் பிறந்திருந்தால் ஜாகான் ரத்தம் போலந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும். யாத்விகா இரண்டாண்டில் லெக்னிட்சா கோமகனை மணந்துகொண்டு சைலீசியாவுக்கே திரும்பினார்.

அவருடைய சகோதரர்கள்தான் நான் முதலில் சொன்ன மூன்று ஹென்ரிக்குகள். மூவரும் முறையே ஆறாம், ஏழாம், எட்டாம் ஹென்ரிக். ஊரார் இவர்களைப் பிரித்துச் சொல்ல மூத்தவர், ரும்போல்ட், குருவி என்று பெயர் வைத்தார்கள். குருவி ஹென்ரிக் 1397இல் லெக்னிட்சாவில் நடந்த வீர விளையாட்டு ஒன்றில் அடிபட்டுச் செத்தார். இந்தத் தலைமுறை பற்றி இவ்வளவு போதும்.

இந்த ஆட்கள் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது என்றால் அதற்கு ஜாகான் மடத்துத் துறவிகளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். 1394இலிருந்து 1422 வரை மடாதிபதியாக இருந்த லுடோல்ஃப், மடாதிபதிகளின் வரலாறு ஒன்றை எழுதத் தொடங்கினார், பின்னால் வந்தவர்கள் தொடர்ந்தார்கள். மடத்துக்காரர்கள் எழுதியதால் மடத்துக்கு நிலம் கொடுத்தவன் நல்லவன், மடத்து நிலத்தில் கை வைத்தவன் கெட்டவன். படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குருவியின் மகன் முதலாம் யான் எல்லாக் கதையிலும் கொடூரனாகத்தான் வருகிறார். மடத்தோடு அவருக்கு ஆகாது என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நல்லவர் என்று சொல்லத் தோன்றவில்லை.

முதலாம் யானுக்கு நாலு மகன்கள், அவர்களில் வயது குறைந்தவர்தான் இந்த வரலாற்றின் கடைசி ஆள், இரண்டாம் யான். போலந்துக்காரர்கள் இவரைப் பைத்தியக்கார யான் என்கிறார்கள், ஜெர்மன்காரர்கள் முரட்டு யான் என்கிறார்கள். இரண்டாவது பெயர்தான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. அவர் செய்ததெல்லாம் கொடுமையானவை, ஆனால் கணக்கில்லாமல் செய்ததாகத் தெரியவில்லை.

1439இல் அப்பா போன பிறகு சகோதரர்களுக்குள் வழக்கமான பிரிப்பு. மூத்தவர் பல்தசாருக்கு ஜாகான் நகரம். யானுக்குக் கிடைத்தது நைஸே ஆற்றங்கரையில் ப்ஷெவுஸ் என்ற குட்டி ஊர், ஒரு கோட்டை, ஒரு வட்டக் கோபுரம். இன்னொரு சகோதரர் ருடோல்ஃப் 1454இல் ஹொய்னிட்சே போரில் செத்தார். யாருக்காகத் தெரியுமா, டியூட்டானிக் வீரத் துறவிகளுக்காக, போலந்து அரசருக்கு எதிராக. பியாஸ்ட் ரத்தம் போலந்துப் படையை எதிர்த்து நின்று செத்தது. இது துரோகம் என்று யாருக்கும் அப்போது தோன்றியிருக்காது. அவர் ஒரு சைலீசியப் பிரபு, சம்பளத்துக்குப் போருக்குப் போனார், அவ்வளவுதான்.

யானுக்கு ப்ஷெவுஸ் போதவில்லை. 1460களின் தொடக்கத்தில் போஹேமிய அரசர் யிர்ஷி ஒரு ஹுஸ் மதத்தவர், அதாவது போப்போடு ஒத்துப்போகாத செக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பல்தசார் அவரை அரசராக ஏற்க மாட்டேன் என்று போப் பக்கம் நின்றார், யான் உடனே அரசர் பக்கம் போனார், அரசர் தயவில் அண்ணனைத் துரத்திவிட்டு ஜாகானைப் பிடித்தார். சில ஆண்டில் காற்று திசை மாறியதும் பல்தசார் திரும்பி வந்து உட்கார்ந்தார். 1472இல் யான் மறுபடி படையோடு வந்தார். இந்த முறை அண்ணனைத் துரத்தவில்லை. பிடித்து, ப்ஷெவுஸுக்குக் கொண்டுபோய், அந்த வட்டக் கோபுரத்தில் அடைத்து, சாப்பாட்டை நிறுத்தினார். ஜூலையில் பல்தசார் பட்டினியால் இறந்தார். அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது. செங்கல்லில் கட்டியது, உள்ளூர்க்காரர்கள் பட்டினிக் கோபுரம் என்றே சொல்கிறார்கள். அங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி.

அண்ணனைக் கொன்று வாங்கிய ஜாகானை யான் எத்தனை நாள் ஆண்டார்? ஆண்டு முடிவதற்குள், அதே டிசம்பரில், சாக்சனியின் வெட்டின் குடும்பத்துச் சகோதரர்கள் எர்ன்ஸ்ட், ஆல்பிரெக்ட் இருவருக்கும் சுமார் 50,000 கில்டருக்கு விற்றுவிட்டார். இங்கேதான் பைத்தியம் என்ற பட்டம் பொருந்தவில்லை என்கிறேன். தங்குவதற்கு ஜாகானை அவர் பிடிக்கவில்லை, விற்பதற்குப் பிடித்தார். பங்காளி உயிரோடு இருந்தால் கிரயத்தில் வில்லங்கம் வரும். 200 ஆண்டாகப் பியாஸ்டுகள் வைத்திருந்த ஜாகான் அந்த விற்பனையோடு அவர்கள் கையைவிட்டுப் போனது.

காசோடு யான் அடுத்த சொத்துக்குக் காத்திருந்தார். 1476 பிப்ரவரியில் குவோகூஃபில் இருந்த சித்தப்பா பிள்ளை முறையான பதினோராம் ஹென்ரிக் வாரிசில்லாமல் இறந்தார். அவருக்கு ஒரு மனைவி இருந்தார், பிராண்டன்பர்க் ஆட்சியாளர் ஆல்பிரெக்டின் மகள் பார்பரா. வயது பதினொன்று. எட்டு வயதில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவர் குவோகூஃபை மனைவிக்கு எழுதிவைத்துவிட்டார் என்று பிராண்டன்பர்க் சொன்னது, ஆண் பங்காளி நான் இருக்கும்போது விதவைக்கு எப்படிப் போகும் என்று யான் சொன்னார். ஆறு ஆண்டு போர். நடுவில் ஹங்கேரி அரசர் மாத்தியாஸ் கொர்வினுஸ் வந்து தன் கணக்கைப் பார்த்தார். போஹேமிய அரசர் வ்வாதிஸ்வாவ் பார்பராவைத் தூதர் மூலம் மணந்துகொண்டார், ஆனால் ஒரு நாளும் நேரில் பார்க்கவில்லை, 1500இல் போப் அந்தக் கல்யாணமே செல்லாது என்று அறிவித்தார். இந்தப் பெண்ணைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும். எட்டு வயதில் கோமகள், பதினொன்றில் விதவை, அதே ஆண்டில் ராணி, அப்புறம் ஒன்றுமே இல்லை.

1482இல் ஒப்பந்தம் ஆனது. கிரோஸ்னோவும் சுற்றியுள்ள சில ஊர்களும் பிராண்டன்பர்க்குக்கு, குவோகூஃப் யானுக்கு, ஆனால் ஆயுள் உரிமை மட்டும், அவருக்குப் பின் மாத்தியாஸுக்குப் போக வேண்டும். யானுக்கு மகன் இல்லை, பெண்கள்தான். வேறொருவராக இருந்தால் ஆயுள்வரை அனுபவித்துவிட்டுப் போயிருப்பார். இவர் மூன்று பெண்களை ஒரே வீட்டில், பழைய அரசர் யிர்ஷியின் பேரன்கள் மூன்று பேருக்குக் கட்டிவைத்து, குவோகூஃபை மருமகன்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டார். மாத்தியாஸோ அந்த ஊரைத் தன் மகனுக்கென்று நினைத்து வைத்திருந்தார். 1488இல் ஹங்கேரியப் படை வந்து நகரத்தைச் சூழ்ந்தது.

முற்றுகைக்கு முன்பே நகர மன்றத்தார் எதிரிப் பக்கம் சாய்கிறார்கள் என்று யானுக்குச் சந்தேகம். ஏழு பேரைப் பிடித்துக் கோட்டைக் கோபுரத்தில் போட்டார். பதினாறு ஆண்டுக்கு முன் அண்ணனுக்குச் செய்ததையே இவர்களுக்கும் செய்தார், ஏழு பேரும் பட்டினியில் செத்தார்கள். கீழே நகரத்துக்குள் மக்களும் பட்டினிதான், முற்றுகை பல மாதம் நீண்டு நவம்பரில்தான் நகரம் சரணடைந்தது. கோமகன் தோற்று வெளியேறினார். கையில் இருந்தது எல்லாம் போனது. பிழைக்க வழியில்லாமல் அலைந்தவருக்குக் கடைசியில் வோவூஃப் என்ற சின்ன ஊரை விட்டுக்கொடுத்தார்கள், அங்கேதான் 1504இல் செத்தார். அவரோடு குவோகூஃப், ஜாகான் பியாஸ்டுகளின் ஆண் வரிசை முடிந்தது. அந்த நேரத்தில் குவோகூஃபை ஆண்டுகொண்டிருந்தவர் போலந்து அரச குடும்பத்துச் சிக்மண்ட், சில ஆண்டில் போலந்து அரசரான அதே சிக்மண்ட். ஆனால் அவர் அங்கே இருந்தது போஹேமிய அரசரான தன் அண்ணன் தயவில், போலந்தின் சார்பாக இல்லை.

சரி, இது போலந்து அரசா ஜெர்மன் அரசா என்று இரண்டு பக்கத்தாரும் பின்னால் நிறையச் சண்டை போட்டார்கள். ஆண்டவர்கள் பியாஸ்டுகள், நகரத்தில் வந்து குடியேறியவர்களும் நகரச் சட்டமும் ஜெர்மன், மேலே இருந்த அரசர் போஹேமியர். இந்த மூன்றில் எதை எடுத்துக்கொள்கிறீர்களோ அதற்கேற்ற பதில் கிடைக்கும். இரண்டாம் யான் என்ற அந்த ஆளையே எழுப்பிக் கேட்டால் என்னுடையது என்றுதான் சொல்லியிருப்பார்.

அதன் பிறகு ஜாகான் முழுக்கவே கைமாறும் சொத்து ஆகிவிட்டது, இதை வேகமாகச் சொல்லிவிடலாம். சாக்சனிக்காரர்கள் 1549இல், அப்போது போஹேமியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்குகளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். முப்பதாண்டுப் போரில் பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைன் 1620களின் இறுதியில் இதை வாங்கினார். ஜோதிடப் பித்துப் பிடித்த அவர் வானியலாளர் யோஹான்னஸ் கெப்ளரை இங்கே கொண்டுவந்து வைத்தார். கெப்ளர் 1628இலிருந்து இரண்டு ஆண்டு இங்கே இருந்து, ஓர் அச்சகம் அமைத்து, கோள் நிலை அட்டவணைகளை அச்சடித்தார். சம்பள பாக்கியை வசூலிக்கக் கிளம்பிப் போனவர் 1630இல் ரேகன்ஸ்பர்கில் காய்ச்சலில் இறந்தார். வாலன்ஸ்டைன் கொல்லப்பட்டார். 1646இல் லோப்கோவிட்ஸ் குடும்பம் வாங்கி, வாலன்ஸ்டைன் தொடங்கிய அரண்மனையைக் கட்டி முடித்தது. 1742இல் ஜெர்மன் அரசான பிரஷ்யா சைலீசியாவை எடுத்துக்கொண்டது, ஜாகானும் கூடவே போனது. 1786இல் பால்டிக் கரையின் குர்லாந்துக் கோமகன் பீட்டர் பிரோன் வாங்கினார். அவருடைய மகள் டொரோத்தேயா, பிரெஞ்சு ராஜதந்திரி தாலிராணின் தம்பி மகனை மணந்தவர், 1840களில் இங்கே வந்து 1862இல் இறக்கும்வரை அரண்மனையையும் பூங்காவையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார். இப்படியாகச் சாகான் கோமகன் என்ற பட்டம் பிரான்ஸில் இருந்த தாலிராண் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பிரஷ்யாவும் பிரான்ஸும் இரண்டுமே அதை ஏற்றுக்கொண்டன.

இரண்டாம் உலகப் போரில் இந்தப் பட்டம் ஒரு வேடிக்கை செய்தது. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகம் தன் சிலைகளைக் கிராமத்து மாளிகைகளில் ஒளித்து வைத்தது. மிலோ தீவின் வீனஸ் சிலையும் சிறகு விரித்த வெற்றித் தேவதையும் போன இடம் தாலிராண்களின் வாலென்சே மாளிகை. மாளிகையின் சொந்தக்காரர் போசோன் பிரெஞ்சுக்காரர்தான், ஆனால் சாகானின் கோமகனும்கூட, ஆகவே ஜெர்மன்காரர்கள் கணக்கில் அவர் முழு எதிரி இல்லை என்ற வாதம் அந்த மாளிகையைக் காப்பாற்ற உதவியது என்று சொல்வார்கள்.

அதே சமயம் சாகானுக்கு வெளியே ஊசியிலைக் காட்டுக்குள் ஜெர்மன் விமானப்படை, பிடிபட்ட நேச நாட்டு விமானிகளை அடைத்து வைத்திருந்தது. மேல்மண் சாம்பல் நிறம், கொஞ்சம் தோண்டினால் பளீரென்று மஞ்சள் மணல், சுரங்கம் வெட்டினால் மண்ணே காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கைதிகள் கால்சட்டைக்குள் நீளப் பைகளைத் தைத்து, மணலை நிரப்பிக்கொண்டு, தோட்டத்தில் நடந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தினார்கள். 1944 மார்ச் 24 இரவு 76 பேர் வெளியே வந்தார்கள். மூன்று பேர்தான் தப்பித்து ஊர் சேர்ந்தார்கள், பிடிபட்டவர்களில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு போர் முடிந்தபோது எல்லை மேற்கே நகர்ந்தது, ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஊருக்குப் போலந்துப் பெயர் வந்தது. 1335இல் காசிமிர் எழுதிக்கொடுத்த ஜாகான், 610 ஆண்டு கழித்துப் போலந்துக்குத் திரும்பியது. போசோனுக்கு 1952இல் இறக்கும்வரை சாகான் கோமகன் என்ற பட்டம் இருந்தது.